அண்ணாச்சி ஓகே சொல்லும்வரை ட்ராஃப்ட்தான்

மதுரையில் ஒரு ஸ்வீட் கடை, ஒரு சுங்குடிப் புடவைக் கடை, ஒரு பல் கிளினிக். இவற்றின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாப் பதிவுகளையும் பஃபர் என்ற ஆப்பில்தான் ஏற்றி வைக்கிறேன், குறித்த நேரத்தில் அதுவே வெளியிட்டுவிடும். எழுதுவது சட்டென்று முடிந்துவிடும். நேரம் குறித்து வைத்ததைத் திரும்பத் திரும்பத் திருத்துவதில்தான் பொழுது போகிறது.

ஸ்வீட் கடை அண்ணாச்சிக்கு யோசனையெல்லாம் கடையை அடைத்த பிறகுதான் வரும். "தம்பி, நெய் விலை ஏறிட்டு. மைசூர்பாகு ரேட்ட மாத்திருங்க" என்று ராத்திரி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் வரும். பதிவோ காலை ஏழு மணிக்குக் கிளம்பத் தயாராக நிற்கும். எடிட் தட்டி விலையை மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மூன்று தளத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதியிருந்தாலும், க்யூவுக்குள் போனதும் அது மூன்று தனிப் பதிவு. ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் பழைய விலையிலேயே நிற்கும். மூன்றையும் திறந்தாக வேண்டும்.

இதில் எக்ஸ் தனி ரகம். அங்கே இலவசக் கணக்குக்கு 280 எழுத்துதான். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். நமக்கு நாலெழுத்தான 'தீபாவளி' அதன் கணக்கில் ஏழு. அண்ணாச்சி "மனமார்ந்த" என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், கடை முகவரியில் ஒரு வரி போய்விடும்.

விலை படத்துக்குள் இருந்தால் இன்னும் மோசம். போஸ்டர் செய்யும் கேன்வா ஆப்பைத் திறந்து, மாற்றி, இறக்கி, பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அதையும் பதிவு போவதற்கு முன்பே செய்தாக வேண்டும். இன்ஸ்டாகிராமில் வெளியான பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் விலையைப் படத்தில் போடவே கூடாது. ஆனால் மஞ்சள் எழுத்தில் பெரிசாக விலை இல்லாத போஸ்டரை அண்ணாச்சி போஸ்டராகவே மதிப்பதில்லை.

அதனால், அவர் ஓகே சொல்லாத எதையும் நான் ஷெட்யூல் செய்வதில்லை, ட்ராஃப்ட்டில் போட்டுவிடுகிறேன். ட்ராஃப்ட் தானாக எங்கும் போகாது. ஷெட்யூல் செய்தது யாரையும் கேட்காது, நேரம் வந்தால் போய்விடும். 2023 டிசம்பர் 28 காலையில் விஜயகாந்த் காலமான செய்தி வந்தபோது, புடவைக் கடையின் புத்தாண்டு ஆஃபர் க்யூவில் இருந்தது. மதுரையில் வளர்ந்த மனிதர் அவர். அன்றைக்கு இங்கே "கொண்டாடுவோம் வாங்க" என்று ஒரு கடை கூவினால் எப்படி இருக்கும்? அழிக்கவில்லை, எல்லாவற்றையும் ட்ராஃப்ட்டுக்கு இறக்கினேன். அழித்திருந்தால் படம், கேப்ஷன், ஹேஷ்டேக் எல்லாம் முதலிலிருந்து. ட்ராஃப்ட்டிலிருந்து மீண்டும் ஏற்றும்போது தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. "இன்று முதல்", "நாளை கடைசி" போன்ற வரிகள் பழைய தேதியோடு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் ஆப்பிலேயே ட்ராஃப்ட் வைப்பவர்களுக்கு அது அந்த போனில்தான் கிடக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் ட்ராஃப்ட்டும் சேர்ந்து போகும். கிளினிக்கில் ரிசப்ஷன் அக்கா நல்ல நல்ல ரீல்ஸாக எடுத்து அங்கேதான் சேர்த்து வைக்கிறார். "கேலரியிலயும் ஒண்ணு சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். போனில் இடமில்லையாம்.