குரலுக்காக இன்ஹேலரை நிறுத்தினேன்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூறுவது என் வேலை. கடைசிக் கூடை போகும்வரை வாய் ஓயாது. அந்தக் குரல் கார்த்திகையில் கம்மிப்போனது.

எனக்கு இருபது வருஷ வீசிங், கடைசி நாலு வருஷமாகக் கடுமை. இரண்டு வேளையும் ஸ்டீராய்டு கலந்த பொடி இன்ஹேலர், இரவில் தியோஃபிலின் மாத்திரை. "அந்தப் பொடிதான் தொண்டையைக் கெடுக்குது" என்று மண்டியில் ஒருவர் சொல்ல, நானாகவே இன்ஹேலரை நிறுத்தினேன். குரல் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பதினோராம் நாள் நடுராத்திரி மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தர்மபுரி போனேன். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி. வழியெல்லாம் என் மனைவி கையை விடவேயில்லை.

அங்கே டாக்டரம்மா கேட்டது எனக்குப் புதிது: "ராத்திரி எத்தனை மணிக்குங்க சாப்பிடுவீங்க?"

மண்டிக் கணக்கு முடித்து, பத்து மணிக்குக் களியும் புளிக்குழம்பும், உடனே படுக்கை. விடிந்தால் புளிச்ச ஏப்பம், நெஞ்சு கரிப்பு. அதை நோயென்றே நான் நினைத்ததில்லை. இரைப்பை அமிலம் மேலேறினால் குரல் நாணும் புண்படும், இருமலும் இழுப்பும் கூடும். தியோஃபிலின் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி அதை இன்னும் ஏற்றும் என்றார். தொண்டை டாக்டர் மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் சிவந்திருக்கிறது, கட்டி இல்லை என்றதும்தான் பயம் விட்டது.

மண்டிக்காரர் சொன்னதில் பாதி சரி. ஸ்டீராய்டு தொண்டையில் படிந்தால் குரல் கம்மும். அதற்கு வழி நிறுத்துவதல்ல, படியாமல் எடுப்பது. பொடி இன்ஹேலருக்குப் பதில், ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழலை வாயில் மாட்டிய பம்ப் இன்ஹேலரை டாக்டரம்மா கொடுத்தார். பெரிய துளிகள் ஸ்பேசரிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தொண்டைவரை கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் துலக்குவதற்கு முன்னால் அடித்துக்கொள்கிறேன், மறப்பதில்லை. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டும்.

தியோஃபிலினை அவரே நிறுத்தினார். பான்டோப்ரசோல், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. அது நெஞ்சு கரிப்புக்குத்தான், வீசிங்குக்கு பம்ப்தான் என்று அழுத்திச் சொன்னார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல் வைத்தோம். சிரமமானது ஏழு மணிச் சாப்பாடுதான். என் மனைவி சோற்றைத் தூக்குவாளியில் போட்டு மண்டிக்கே அனுப்பினாள்.

கிசுகிசுப்பதும் குரலை வருத்தும் என்பதால் இரண்டு மாதம் என் மகன்தான் ஏலம் கூறினான். தை கடைசியில் நான் மறுபடி கூவினேன். பம்ப் இன்றும் காலை இரண்டு, இரவு இரண்டு.