பி1 வாய்மொழித் தேர்வுக்கு வார்டோவைப் படித்த கதை

நோர்வேக் குடியுரிமைக்கு 2022 அக்டோபரில் இருந்து வாய்மொழியில் பி1 நிலை வேண்டும்; பழகிய விஷயங்களில் கருத்துச் சொல்லிப் பேசும் நடுத்தர நிலை அது. அதற்கு முன் ஒரு படி கீழான ஏ2 போதுமாக இருந்தது. மீன் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டும் மேசையில் நிற்கிற எனக்குக் கத்தி, பெட்டி, ஐஸ் எல்லாம் நோர்வேஜிய மொழியில் தண்ணிபட்ட பாடு. ஒரு விஷயத்தில் என் கருத்து என்ன என்று சொல்லத்தான் வாய் வராது.

பாடப்புத்தகம் ஒஸ்லோ, பாராளுமன்றம், எண்ணெய்ப் பணம் என்றே போனது. ஒருநாள் ஆசிரியை, "நீங்கள் இருக்கிற கொம்மூனை, அதாவது உங்கள் ஊராட்சியைப் பற்றிப் பேசப் பழகுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வார்டோ நாட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு தீவு ஊர், ஏறக்குறைய 2,000 பேர். இஸ்தான்புல்லை விடவும் கிழக்கே இருக்கிறது. 80களில் இருந்து எங்கட தமிழ் ஆக்கள் இந்த வடகோடி மாகாணமான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள்; பலர் பிறகு ஒஸ்லோப் பக்கம் போய்விட்டார்கள். 1982இல் கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை திறக்கும்வரை கரைக்குப் போகப் படகுதான். நாட்டிலேயே முதல் கடலடிச் சுரங்கம் அது. இதை வேலையிடத்தில் வயதான ஒருவரிடம் கேட்கப்போய், 1944இல் குண்டு விழுந்து ஊர் எரிந்தது வரை சொன்னார். அவர் சொன்னதை வீட்டில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன்.

எனக்கு அதிகம் மொழி தந்த இடம் வார்டோவில் உள்ள ஸ்டைல்னெசெட் நினைவிடம். 17ஆம் நூற்றாண்டில் பின்மார்க்கில் சூனியம் செய்ததாகச் சொல்லிக் கொன்ற 91 பேருக்காக 2011இல் திறந்தார்கள். நீளமான இருட்டு நடை. ஆளுக்கு ஒரு சின்ன ஜன்னல், ஒரு மின்குமிழ், துணியில் ஒரு குறிப்பு. பெயர், எப்போது வழக்கு, என்ன குற்றச்சாட்டு, என்ன தீர்ப்பு. நீதிமன்றப் பதிவுகளில் இருந்து எடுத்த சின்னச் சின்ன வசனங்கள். வேலை முடிந்து கொப்பியோடு போய் ஒவ்வொன்றாக எழுதி எடுப்பேன். குற்றம் சாட்டப்பட்டாள், தீர்ப்பளிக்கப்பட்டாள் என்ற செயப்பாட்டு வினை எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

1617 கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் புயலில் 10 படகுகள் கவிழ்ந்து இந்தக் கரையோர ஆண்கள் 40 பேர் செத்தார்கள். சில வருடங்களில் அந்தப் புயலைக் கிளப்பியதாகப் பெண்களைப் பிடித்து எரித்தார்கள். நானும் கடற்கரை ஊரில் பிறந்தவள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டின் கோபம் எனக்குத் தெரியும். அந்தக் கோபத்துக்கு ஆள் தேடிக் கொடுத்த அதிகாரிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதை நோர்வேஜிய மொழியில் சொல்லிப் பழகினேன். முதல்முறையாக எனக்குக் கருத்து என்று ஒன்று வந்தது.

1738இல் கட்டி முடித்த நட்சத்திர வடிவக் கோட்டையும் இருக்கிறது. குளிர்காலத்தில் கிழமைக்கணக்காகச் சூரியன் எழாது. பிறகு கோட்டையில் இருந்து பார்க்க வட்டம் முழுதாகத் தெரியும் முதல் நாளில் பீரங்கி வெடிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. என் மகள் அதற்காகவே ஜனவரியைக் காத்திருப்பாள்.

தேர்வில் இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டார்கள். என்னோடு வந்தது ஒரு தாய்லாந்துப் பெண். சின்ன ஊர்களை விட்டு இளம் ஆக்கள் போவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மீன் பிடிக்கும் உரிமை வெளியாரிடம் போனால் வேலையும் பின்னால் போகும் என்றேன். வெற்று வீடுகளைச் சொன்னேன், 2012இல் ஓவியர்கள் வந்து அவற்றின் சுவர்களில் வரைந்ததைச் சொன்னேன். அவள் தன் ஊரைச் சொன்னாள். பரீட்சகர் நிறுத்தும்வரை பேசினோம். பி1 கிடைத்தது.

இனி இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: பின்மார்க்கின் இன்னொரு ஊரான வாட்சோவில் இருந்தால், 1926இல் துருவப் பயணி ஆமுன்சனின் ஆகாயக் கப்பலைக் கட்டி நிறுத்திய கம்பம் இன்னும் நிற்கிறது, அங்கே இருந்து தொடங்குங்கள். ஹம்மர்ஃபெஸ்ட் ஊரில், பூமியின் அளவைக் கணிக்க ஸ்ட்ரூவே என்ற விஞ்ஞானி செய்த அளவீட்டின் நினைவுத் தூண் இருக்கிறது. ஊர் நூலகத்தில் கேளுங்கள். பழைய படங்களை எடுத்துத் தருவார்கள்.