ஸ்பேசர் ஃபிளாஷ்ஓவர் கேள்வி: முச்சந்தியைப் பிடித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று

உயர் மின்னழுத்தத் தேர்வுத் தாளின் முடிவு வந்தாயிற்று, மூச்சும் வந்தாயிற்று. சூடு ஆறுவதற்குள் ஜிஐஎஸ் (வாயுக் காப்புத் துணைமின் நிலையம்) பகுதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் கடத்தியைத் தாங்கும் எப்பாக்ஸிக் காப்பான்தான் ஸ்பேசர்; அதன் பரப்பு வழியே மின்சாரம் பாய்ந்து காப்பு முறிவது ஃபிளாஷ்ஓவர். எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) ஏன் நல்ல காப்பு வாயு என்பதை எல்லாரும் எழுதுவார்கள்; அதற்கு நாலு வரி போதும்.

மதிப்பெண் இருப்பது ட்ரிபிள் ஜங்ஷனில்தான். மின்முனை, எப்பாக்ஸி, வாயு மூன்றும் கூடும் அந்த முச்சந்தியைப் பெரிதாக வரைந்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். வாயுப் பக்கத்துக் கோணம் 90 பாகைக்குக் கீழே போனால் அங்கே மின்புலம் கோட்பாட்டளவில் எல்லையில்லாமல் ஏறும். 90-ஐத் தாண்டினால் சுழியை நோக்கி இறங்கும். எப்பாக்ஸி மின்முனையோடு சரியாக ஒட்டாமல் மெல்லிய இடுக்கு விழுந்தால், இடுக்கு வாயுவின் புலம் எப்பாக்ஸியில் உள்ளதைப் போல ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தை விட எத்தனை மடங்கு மின்புலத்தைத் தணிக்கும் என்ற எண்) மடங்கு. அலுமினா கலந்த எப்பாக்ஸிக்கு அது 5, 6 வரும்.

இனி கணக்கு. எப்பாக்ஸியில் மி.மீ.க்கு 4 கிலோவோல்ட், விடுதிறன் 5, கேஜ் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேலாக உள்ளது) 1 பார் என்று வைத்துக்கொள்வோம். இடுக்கில் புலம் 20. முழு அழுத்தம் 2 பார்; பாருக்கு 8.85 வீதம் எஸ்எஃப்6-இன் வரம்புப் புலம் (இதைத் தாண்டினால்தான் எலக்ட்ரான்கள் பெருகும்) 17.7. 20 பெரிது, ஆகவே முறிவு என்று பேனாவை மூடிவிடாதீர்கள். ஸ்ட்ரீமர் நிபந்தனை பாக்கி இருக்கிறது: இடுக்குக்குள் எலக்ட்ரான்கள் போதிய அளவு பெருகினால்தான் ஸ்ட்ரீமர் என்னும் மின்னிறக்க இழை பிறக்கும். மிகைப்புலம் 2.3-ஐ எஸ்எஃப்6-இன் மாறிலி 27.7-ஆல் பெருக்கினால் பெருக்க வீதம் மி.மீ.க்கு 63.7. இடுக்கு 0.1 மி.மீ. என்றால் தொகை 6.4 மட்டுமே, தேவையோ சுமார் 18. ஸ்ட்ரீமர் பிறக்காது. 0.3 மி.மீ. ஆனால் 19.1, பிறந்துவிடும். கேஜ் அழுத்தத்தை அப்படியே போட்டவருக்கு 0.1-லேயே 31 வரும், விடை தலைகீழ். இந்த ஒரு வரியில் கவிழ்ந்த விடைத்தாள்களே அதிகம் என்பது என் கணிப்பு.

டிசி கேட்டால் விடுதிறனை மறந்துவிடுங்கள், அங்கே ஆட்சி கடத்துத்திறனுடையது. சுமை ஏறிக் கடத்தி சூடானால் அதை ஒட்டிய எப்பாக்ஸியின் கடத்துத்திறன் கூடும், புலம் குளிர்ந்த வெளி உறைப் பக்கம் தள்ளப்படும். பரப்பில் மின்னூட்டம் மெதுவாகச் சேரும், மெதுவாகவே கலையும். அதனால்தான் துருவத்தைத் திடீரென மாற்றும்போது பழைய மின்னூட்டத்தின் புலமும் புதியதோடு கூடிக் காலை வாரிவிடும்.

துண்டுக் கேள்விகளுக்கு:

- எப்பாக்ஸியில் கலக்கும் நிரப்பி ஏன் அலுமினா? சிதைந்த எஸ்எஃப்6 ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. அது மற்றொரு நிரப்பியான சிலிகாவை அரிக்கும்.
- வாயுவின் பனிநிலை (ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏன் சுழிப் பாகைக்குக் கீழே? ஈரம் படிந்தாலும் உறைபனியாகவே படியட்டும் என்று. திரவப் படலம்தான் பரப்பைக் கடத்தியாக்கும்.
- மின்முனைச் சொரசொரப்பு: உச்ச உயரத்தையும் அழுத்தத்தையும் பெருக்கினால் 40 பார்-மைக்ரான் தாண்டக்கூடாது. 4 பாரில் 10 மைக்ரான்.
- ஸ்பேசரின் மேற்பரப்பு நெளிவுகள்: ஊர்வுத் தொலைவு (பரப்பை ஒட்டிய பாதையின் நீளம்) கூடும் என்பதோடு நிறுத்தாமல், வளைவு புலத்தை எங்கே திரட்டுகிறது என்றும் எழுதுங்கள்.

உலோகத் துகள் கேள்வி வந்தால் தளர்ந்தது, ஒட்டியது என்று பிரித்து எழுதுங்கள். தளர்ந்த துகள் ஏசியில் துள்ளும், பகுதி மின்னிறக்க (காப்பை முழுதாகக் கடக்காத சிறு மின்னிறக்கம்) அளவீட்டில் மாட்டும். ஸ்பேசரில் ஒட்டிய துகளின் சமிக்ஞை மிகச் சிறியதாக இருக்கலாம். ஏசி சோதனையில் நழுவிவிட்டு மின்னல் இம்பல்ஸில் (மைக்ரோ விநாடிக் கணக்கில் வந்து போகும் மின்னழுத்தத் துடிப்பு) ஃபிளாஷ்ஓவர் கொடுக்கும். துள்ளும் துகளுக்கு அந்த மைக்ரோ விநாடிகளில் நகரவே நேரமிருக்காது. ஒட்டியது ஏற்கெனவே பரப்பின்மேல் முனை நீட்டி நிற்கிறது.