யாக்கிமா: பழத்தோட்டத்து டிராக்டரில் எது அசல், எது ஒட்டு?

அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து அதே வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவுக்குப் போக நினைப்பவர்கள் தயவுசெய்து காரில் போங்கள். சொந்தக் கார் இல்லையென்றால் யாரிடமாவது ஓசி வாங்குங்கள். ஐ-90 சாலையைப் பிடித்து, ஸ்னோக்வால்மி கணவாயைத் தாண்டி, எல்லன்ஸ்பர்க்கில் ஐ-82க்குத் திரும்பினால் இரண்டரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடும். நான் ஏறிய பஸ் கிளம்பவே ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஏன் என்று கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். பஸ்ஸில் ஏசி ஓடாவிட்டால் திட்டலாம், இதில் ஏசியை நிறுத்தவே முடியாதாம், மே மாத வெயிலில் நான் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு நடுங்கினேன். சீட்டுக்குச் சீட்டு சார்ஜர் சொருகும் ஓட்டை இருந்தது, ஒன்றிலும் கரண்ட் இல்லை.

இறங்கியதும் அடுத்த அடி டாக்சிக்காரரிடம். நான் போக வேண்டிய யூனியன் கேப், யாக்கிமாவை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். ஐந்து மைல் இருந்தால் அதிகம். அதற்கு நாற்பது டாலர்! மீட்டரைப் போடச் சொன்னால் மீட்டர் ரிப்பேர் என்கிறார். வேறு வண்டி கண்ணில் படவில்லை, கொடுத்துத் தொலைத்தேன். நான் எடுத்திருந்த மோட்டல் அறைக்கே ஒரு ராத்திரிக்கு எழுபது சொச்சம்தான், அதையும் நாலு நாள் இணையத்தில் தேடிப் பிடித்திருந்தேன்.

இவ்வளவும் ஒரு டிராக்டருக்காக. ஜான் டியர் பிஓ லிண்டெமன். அயோவா மாநிலத்து வாட்டர்லூவில் ஜான் டியர் கம்பெனி செய்த ‘பி’ மாடலில், வயலுக்கான குட்டையான வண்டிக்கு பிஆர் என்று பெயர், அதையே பழத்தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றினால் பிஓ. இந்த பிஓவைச் சக்கரம் இல்லாமலே யாக்கிமாவுக்கு அனுப்புவார்கள். இங்கே ஜெஸ்ஸி லிண்டெமனும் அவருடைய சகோதரர்களும் நடத்திய பட்டறையில் சக்கரத்துக்குப் பதில் செயின் மாட்டி விற்பார்கள். நம் ஊரில் செயின் வண்டி என்கிறோமே, அதில் குட்டி. 1947 வரை ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் வெளியே போயிருக்கின்றன. யாக்கிமாவைச் சுற்றியுள்ள ஆப்பிள் தோட்டங்கள் நிறைய சரிவில் இருக்கின்றன. தண்ணீர் பாய்ந்த மண்ணில் சக்கர வண்டி பக்கவாட்டில் சறுக்கி மரத்தில் போய் நிற்கும், செயின் வண்டி மண்ணைக் கவ்விக்கொண்டு போகும். வியாபாரம் சூடு பிடிக்கவே கடைசியில் ஜான் டியர் அந்தப் பட்டறையையே விலைக்கு வாங்கிவிட்டது.

சரி, பழத்தோட்ட டிராக்டரில் அப்படி என்ன விசேஷம்? கிளைக்குக் கீழே நுழைந்து போக வேண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது. சைலன்சர் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கிளை மாட்டும், மாட்டாவிட்டாலும் சூட்டில் இலையும் காயும் கருகும், அதனால் அதைக் கீழே படுக்கவைத்தார்கள். காற்று இழுக்கும் குழாயை இறக்கினார்கள். ரேடியேட்டர் மூடி, டேங்க் மூடி எதிலும் கிளை சிக்காதபடி மறைப்புத் தகரம் வைத்தார்கள். பின்சக்கரத்தை மூடப் பெரிய மட்கார்டு. மர வரிசை முடிந்ததும் அந்த இடத்திலேயே வண்டியை ஒடித்துத் திருப்ப, இடது வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக்.

வம்பு எங்கே வருகிறது என்றால், இதில் பாதிக்கு மேல் வெறும் தகரம். போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும், வேறு வண்டியில் வைத்து முடுக்கினால் உட்கார்ந்துவிடும். அந்தக் காலத்து விவசாயி மட்கார்டை இடைஞ்சல் என்று கழற்றி வேலியோரம் போட்டார். புகை முகத்தில் அடிக்கிறது என்று சைலன்சரை நிமிர்த்திவைத்தார். அப்புறம் தோட்டங்களே குட்டை ரக மரங்களுக்கு மாறின, பெரிய மரத்தடியில் நுழைய வேண்டிய வேலையே குறைந்துபோனது. ஆக அசல் பிஓ பல, தகரம் இழந்து சாதா வண்டி போல நிற்கின்றன. சாதா பிஆர் சில, இப்போது புதிதாக அடித்து விற்கும் தகரத்தைப் போட்டுக்கொண்டு பிஓ வேஷம் கட்டுகின்றன. சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பது பிஓவுக்குத்தான், அதனால் வேஷம் கட்டுவதில் லாபம் இருக்கிறது.

முதலில் சென்ட்ரல் வாஷிங்டன் விவசாய அருங்காட்சியகம், யூனியன் கேப்பின் ஃபுல்பிரைட் பார்க்கில். வரிசையாகத் திறந்த கொட்டகைகள், உள்ளே இரும்பு, இரும்பு, மேலும் இரும்பு. நன்றாக இருக்கிறது, ஆனால் மியூசியத்தில் எதையும் சுரண்டிப் பார்க்க முடியாது. அங்கே ஒரு டிராக்டரின் அடியில் நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். ஐந்து நிமிடம் பேசியதும், என் கொட்டகைக்கு வா, அங்கே சுரண்டலாம் என்றார். அவருடைய பிக்கப்பிலேயே நாச்சிஸ் பக்கம் கூட்டிப் போனார். டாக்சிக் காசு மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டதை மறைப்பானேன்.

இந்தப் பயணத்துக்கு அந்தக் கொட்டகை ஒன்றே போதும். இரண்டு லிண்டெமன், சக்கரத்தோடு ஒரு பிஓ, பக்கத்திலேயே ஒப்பிட ஒரு பிஆர், மூலையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் பழத்தோட்ட டிராக்டர் ஓ-4. பெரியவர் சொன்ன முதல் பாடம்: பெயின்ட்டைப் பார்க்காதே, தகரத்தைக் கடைசியில் பார், வார்ப்பிரும்பில் ஆரம்பி. சீரியல் நம்பர் தகடு மெயின் கேஸில், அதாவது நடுவில் இருக்கும் பெரிய வார்ப்பிரும்புக் கூட்டில் இருக்கிறது. பிஆர், பிஓ, லிண்டெமன் மூன்றுக்கும் எண்கள் 325000இல் தொடங்கும் ஒரே வரிசையில் ஓடுகின்றன. எண் வருஷத்தைச் சொல்லும், வகையைச் சொல்லாது. வகைக்கு பிரேக்கைப் பார்க்க வேண்டும். பின் ஆக்சில் பக்கம் இரண்டு தனி பிரேக், அவற்றுக்கான பெடலும் கம்பியும், அவை உட்காரும் வார்ப்பு, இதையெல்லாம் தகரம் மாதிரி ஒரு சனிக்கிழமையில் மாட்டிவிட முடியாது.

ஜான் டியர் பாகங்களில் வார்ப்பு எண்ணே உதவி செய்கிறது. ‘பி’க்கென்று வடிவமைத்த பாகத்தின் எண் பி எழுத்தில் தொடங்கும், ‘ஏ’ மாடலுக்கு ஏ. ஒரு மாடலின் பாகத்தை அடுத்ததிலும் கம்பெனியே போட்டிருக்கிறது என்பதால் எழுத்து மாறினாலே போலி என்று குதிக்கக் கூடாது. கார்புரேட்டரில் டிஎல்டிஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால் அது எந்த எஞ்சினுக்கானது என்று தெரியும். எஞ்சின் கொள்ளளவே 1938 வரை 149 கன அங்குலம், அடுத்த வருஷத்து மாடலிலிருந்து 175. முந்தைய எண் தகடும் பிந்தைய எஞ்சினும் ஒரே வண்டியில் இருந்தால் யாரோ இரண்டு வண்டியை ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

ஓ-4இல் வேறு கதை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வார்ப்புகளில் மாதம், தேதி, வருஷத்துக்கு ஓர் எழுத்து என்று வார்த்த நாளே பொறித்திருக்கும். வார்த்த நாள் வண்டி வெளிவந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் சரி, பின்னால் இருந்தால் அந்தப் பாகம் பிறகு வந்து சேர்ந்தது. இவ்வளவு ஒழுங்காக நாளைப் பொறித்த கம்பெனிக்கு ஒரு கும்பிடு. ஓ-4இல் மட்கார்டிலிருந்து முன்பக்கம் வரை தகரம் ஒரே வழிசலாக வரும், அதன் இன்னொரு வகையான ஓஎஸ்-4இல் அந்தத் தகரப் பாவாடை கிடையாது. அதனால் தகரம் தொலைந்த ஓ-4ஐ ஓஎஸ் என்று சொல்லி விற்பவரும் உண்டாம்.

போல்ட்டுக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் அது கிரேடு ஐந்து, பிற்காலத்துத் தரக் குறி. 1937 வண்டியின் மட்கார்டு முழுக்க அந்தக் கோடு போட்ட போல்ட் இருந்தால், மட்கார்டு எப்போது ஏறியது என்று கேட்கலாம். சக்கரத்தில் ஆரக்கால் தட்டையாக இருந்து அதில் ரப்பர் டயருக்கான ரிம் வெல்டிங் ஆகியிருந்தால், அது இரும்புச் சக்கரமாகப் பிறந்து பிறகு வெட்டப்பட்டது. ஆனால் யுத்த காலத்தில் ரப்பர் பஞ்சம், அப்போது கம்பெனியிலிருந்தே இரும்புச் சக்கரத்தோடு வந்த வண்டிகள் உண்டு. 1943 வண்டிக்கு இரும்புச் சக்கரமா என்று முகம் சுளிக்க வேண்டாம்.

பெரியவர் ஒரு லிண்டெமனை ஓடவிட்டுக் காட்டினார். செல்ஃப் ஸ்டார்ட் இல்லை. சிலிண்டரின் சின்னக் குழாய்களைத் திறந்து அழுத்தத்தை விட்டு, ஃபிளைவீலைக் கையால் புரட்டினார். அந்த வயதில்! முதலில் சின்ன டேங்க் பெட்ரோலில் ஓடும், சூடான பிறகு பெரிய டேங்கின் மட்ட ரக எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இரண்டு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடிக்காது, டப்-டப் என்று இரண்டு, ஒரு மூச்சு, மறுபடி டப்-டப். ஜானி பாப்பர் என்று செல்லப்பெயர் வைத்தது சும்மா இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காணொளி எடுத்தேன், போனில் சார்ஜ் நாலு சதவீதம். பஸ்காரனை நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டை எழுதாமல் விட்டால் பாவம். யூனியன் கேப்பில் லாஸ் ஹெர்னாண்டஸ் என்ற கடை, தமாலே மட்டும்தான் பிரதானம். அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை 2018இல் வாங்கிய இடம், பார்த்தால் சாதாரணக் கடை. மக்காச்சோள மாவுக்குள் பூரணம் வைத்துச் சோள மட்டையில் சுற்றி ஆவியில் வேகவைத்தது, நம் இலைக் கொழுக்கட்டைக்கு உறைப்பான பெரியப்பா பையன் மாதிரி. வசந்தத்தில் மட்டும் அஸ்பாரகஸும் பெப்பர் ஜாக் சீஸும் வைத்தது கிடைக்கும். மட்டையைப் பிரித்ததும் வரும் ஆவி, உள்ளே பச்சைத் தண்டு நறுக்கென்று, சீஸ் இழுபட்டுக்கொண்டு... வயிறு முட்டச் சாப்பிட்டும் டாக்சிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. ராத்திரிக்கும் பார்சல் வாங்கிக்கொண்டேன், மோட்டல் மைக்ரோவேவில் சூடாக்கியும் நன்றாகவே இருந்தது.

மறுநாள் நெடுஞ்சாலையோரம் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பளபளவென்று பச்சை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு ‘பிஓ’, விலைச் சீட்டு 9,500 டாலர். முன்னால் கிரில் தகரம் இல்லை பார், ஆகவே 1938க்கு முந்தியது, ரொம்ப அபூர்வம் என்று ஆரம்பித்தார் விற்பவர். ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த புது முகம் 1938இல் வந்தது உண்மைதான், ஆனால் அது சாதா ஏ, பி மாடல்களுக்கு. ‘ஏ’யின் வயல், பழத்தோட்ட வகைகளான ஏஆர், ஏஓ இரண்டும் 1949 வரை பழைய முகத்தோடுதான் வந்தன. பிஆர், பிஓ இரண்டும் 1947இல் நிற்கும்வரை புது முகத்தைப் பார்க்கவே இல்லை. முகத்தை வைத்து இதில் வயசு சொல்வது சுத்தப் பம்மாத்து. குனிந்து பார்த்தால் பக்கத்துக்கொரு பிரேக் இல்லை. மட்கார்டில் ஒரு கிளை உரசிய கீறல்கூட இல்லை, போல்ட் எல்லாம் மூன்று கோடு. பிரேக் எங்கே என்று கேட்டேன். அந்தக் காலத்து விவசாயி கழற்றியிருப்பார் என்றார் கூசாமல். அது உட்காரும் வார்ப்பையுமா கழற்றினார் என்று கேட்டதும் ஐந்நூறு டாலர் குறைத்தார்! என் பர்ஸில் மோட்டலுக்கும் திரும்பும் பஸ்ஸுக்கும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கு: டார்ச், சின்னக் கண்ணாடி, கம்பி பிரஷ் மூன்றும் எடுத்துப் போங்கள், உரிமையாளரைக் கேட்காமல் பிரஷைத் தொடாதீர்கள். ஆகஸ்டில் அருங்காட்சியக வளாகத்தில் பழைய இயந்திரக் கண்காட்சி நடக்கும், வண்டிகள் ஓடுவதைப் பார்க்கலாம், உதிரிபாகமும் பேரம் பேசலாம். ஆனால் அப்போது வெயில் மண்டையைப் பிளக்கும், அஸ்பாரகஸ் தமாலேயும் இருக்காது. என் ஓட்டு மே மாதத்துக்கே.