பிரெஞ்சுப் பத்திரிகை வரலாறு: தேர்வுக்கு நான் படித்த விதம்

பிரெஞ்சு முதுகலை படிப்பவர்களுக்குப் பத்திரிகை வரலாறு என்ற தாள் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் பெயர்களும் ஆண்டுகளும். எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்விதான்: இந்தப் பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, இதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இதைக் கேட்டுக்கொண்டே படித்ததில் ஆண்டுகள் தானாக மனதில் நின்றன.

1631-இல் தெயோஃப்ராஸ்த் ரெனோதோ தொடங்கிய 'லா கசெட்'டுக்குப் பின்னால் இருந்தவர் மன்னரின் முதன்மை அமைச்சர் கார்டினல் ரிஷலியூ. மன்னர் பதின்மூன்றாம் லூயியே அதற்குச் செய்தி எழுதித் தந்திருக்கிறார். புரட்சிக் காலத்துக்கு, பேச்சு, எழுத்துச் சுதந்திரம் பற்றிய 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆம் பிரிவும், 1800-இல் நெப்போலியன் பாரிஸின் அரசியல் பத்திரிகைகளை 13 ஆகக் குறைத்ததும் தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

நின்று நிதானமாகப் படிக்க வேண்டியது 1836. அந்த ஜூலையில் எமில் த ஜிரார்தன் 'லா பிரெஸ்'ஸைத் தொடங்கினார். மற்ற நாளிதழ்களுக்கு ஆண்டுச் சந்தா 80 பிராங்க். இவர் 40-க்குக் கொடுத்தார். துண்டு விழுந்ததை விளம்பரம் ஈடுகட்டியது. விளம்பரம் வர வேண்டுமென்றால் வாசகர் பெருக வேண்டும். வந்த வாசகர் போகாமலிருக்கத் தொடர்கதை வந்தது. பால்சாக்கின் நாவல் அதே ஆண்டு அதில் தொடராக வெளியானது. 1863-இல் வந்த 'லெ பெதி ஜூர்னால்' இன்னும் ஒரு படி கீழே இறங்கி 5 சாந்தீமுக்கு (100 சாந்தீம் ஒரு பிராங்க்) விற்றது. அரசியல் எழுதாததால், அரசியல் இதழ்களின் ஒவ்வொரு பிரதிக்கும் விதித்த முத்திரை வரி அதற்குக் கிடையாது. அதனால்தான் அந்த விலை கட்டுப்படியானது.

தேர்வில் பத்திரிகைச் சுதந்திரம் தந்த 1881 ஜூலை 29 சட்டத்தைப் பற்றிக் கேட்டால் உடனே சுதந்திரம் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு முன் என்னென்ன தடைகள் இருந்தன என்று முதலில் எழுதுங்கள்: முன் அனுமதி, காப்புத்தொகை (பத்திரிகை நடத்த அரசிடம் கட்டிவைக்க வேண்டிய பணம்), முத்திரை வரி. 1834-இல் 'லெ ஷாரிவாரி' என்ற கேலி இதழ் தனக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்பையே பேரிக்காய் வடிவில் அச்சுக்கோத்து வெளியிட்டது. மன்னர் லூயி பிலிப்பின் முகத்தைக் கேலிச்சித்திரக்காரர்கள் பேரிக்காயாகத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். இப்படி ஒரு உதாரணம் இருந்தால் விடைக்கு உயிர் வந்துவிடும்.

அப்புறம், பாடப்புத்தகத்தோடு நிற்காதீர்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிக்கா' தளத்தில் பழைய இதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 1898 ஜனவரி 13 தேதியிட்ட 'லோரோர்' இதழின் முதல் பக்கத்தை அவசியம் பாருங்கள். 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்ற தலைப்பு பக்கத்தின் அகலம் முழுக்க ஓடுகிறது. கீழே நெருக்கமான பத்திகளில், பொய்யாகத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அதிகாரி த்ரேஃபுஸுக்காகக் குடியரசுத் தலைவருக்கு நாவலாசிரியர் எமில் ஸோலா எழுதிய கடிதம். அதற்காக அவதூறு வழக்கில் ஸோலா தண்டிக்கப்பட்டது இதே 1881 சட்டத்தின் கீழ்தான். இதைச் சேர்த்து எழுதினால் சுதந்திரம், தண்டனை என்ற சட்டத்தின் இரண்டு முகமும் விடையில் வந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் 'லெ ஃபிகாரோ', 'லெ தாம்' என்ற இரு நாளிதழ்களையும் ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பரில் ஜெர்மானியர்கள் அதுவரை பிடிக்காமலிருந்த பிரான்ஸின் தென்பகுதிக்குள்ளும் நுழைந்ததும் இரண்டுமே நின்றன. 'லெ ஃபிகாரோ' உடனே நிறுத்தியது. விடுதலைக்குப் பின் மறுபடி வெளிவந்தது. 'லெ தாம்' அந்த மாதக் கடைசி வரை வந்தது. தென்பகுதி பிடிபட்ட பின் எந்த நாளுக்குள் நிறுத்தியிருக்க வேண்டும் என்று விடுதலைக்குப் பின் வகுத்த கெடுவைச் சில நாட்களில் தவறவிட்டிருந்ததால் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அதன் கட்டடத்திலும் அச்சகத்திலும்தான் 1944 டிசம்பரில் 'லெ மோந்த்' பிறந்தது.