ஐலா தீவில் நான்கு சொட்டுத் தண்ணீர்

ஸ்காட்லாந்தின் கென்னக்ரெய்க் துறையில் கப்பலேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தீவின் பெயரை ‘இஸ்லே’ என்று எழுத்துக்கூட்டி வாசித்த என்னை, பக்கத்து இருக்கைப் பெரியவர் திருத்தினார்: ஐலா. விஸ்கிக்குப் பேர்போன தீவு அது.

அதுவரை விஸ்கி என்றால் எனக்கு டம்ளர் நிறைய ஐஸ், மேலே சோடா. அதன் ருசி தெரியக்கூடாது என்றுதான் அப்படிக் குடித்திருக்கிறேன் போலும்.

தீவின் போர்ட் எலன் ஊரிலிருந்து கடலோரமாக ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என மூன்று வடிசாலைகள் அதில் வரிசையாக வருகின்றன; மூன்றுக்கும் வயது இருநூறைத் தாண்டிவிட்டது. வழியெல்லாம் மழை.

லஃப்ராய்க்கை மூக்கருகே கொண்டுபோனதும், சிறுவயதில் முழங்காலில் டிங்க்சர் தடவிய டிஸ்பென்சரிக்கே போய்விட்டேன். முளைகட்டிய பார்லியை, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் எனும் மக்கிய தாவரக் கட்டிகளின் புகையில் உலர்த்துவதால் வருகிற வாசனை அது.

ஆர்ட்பெக்கில் கொடுத்த உகடால் என்ற விஸ்கியில் சாராயம் 54.2 சதவீதம். முதல் மிடறில் நாக்கு எரிந்ததே தவிர வேறொன்றும் புரியவில்லை. ஊற்றிக் கொடுத்த பெண், இங்க் பில்லர் போன்ற ஒன்றை நீட்டினார். நான்கு சொட்டுத் தண்ணீர். எரிச்சல் இறங்கி, புகைக்குப் பின்னாலிருந்து உலர்திராட்சை எட்டிப் பார்த்தது. புகைமணம் தரும் குவாயகால் என்ற வேதிப்பொருள், சாராயம் மிகுந்திருக்கும்போது உள்ளேயே அமிழ்ந்து கிடக்கிறது, நீர் சேர்ந்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் காட்டியிருக்கிறார்கள்.

வித்தை தெரிந்துவிட்ட தைரியத்தில் லாகவூலின் பதினாறு வருடச் சரக்கிலும் நீர் விட்டேன். அதை ஏற்கெனவே நீர் சேர்த்து 43 சதவீதத்துக்கு இறக்கித்தான் புட்டியில் அடைக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது சாம்பல் கரைத்த தண்ணீர்.

இரவு ஒரு மதுக்கூடத்தில் ஆர்ட்பெக் பத்து வருடம் வாங்கி, தயங்கித் தயங்கி ஐஸ் கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று பார்த்தால், பேசாமல் இரண்டு கட்டிகளைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். குளிரில் வாசனை சுருண்டுகொண்டது. குளிரில் கலங்கும் பொருட்களை முன்கூட்டியே குளிர்வித்து வடிகட்டி எடுக்காத விஸ்கி என்பதால் கோப்பைக்குள் மெல்லிய மேகம் படர்ந்தது. கால் மணி நேரம் கழித்து, கட்டிகள் சுண்டைக்காய் அளவுக்குக் கரைந்தபோது புகை ஒவ்வொரு இழையாகத் திரும்பி வந்தது. சொட்டு நீரைவிட இந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது, ரசனைக்காரர்கள் மன்னிக்க.

அடுத்த கோப்பைக்கு, ஒரு கட்டி போதும் என்றேன்.