அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள்

வடசென்னையின் மாஜிஸ்திரேட் கோர்ட்களில் பதினாறு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர், ஒரு கான்ஸ்டபிள் நடந்துபோனாலே மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவார். கான்ஸ்டபிள் அவரைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். கை தானாகப் போகும்.

ஒரு ரிமாண்ட் மறக்கவில்லை. காசிமேட்டுப் பையன், பத்தொன்பது வயது, படகு இன்ஜின் திருட்டு. “போலீஸ் அடிச்சாங்களா?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார். பையன் திரும்பிப் பார்த்தான். ஒரு கை தூரத்தில், அவனைக் கூட்டிவந்த ஏட்டு. “இல்லீங்கய்யா” என்றான். மணிக்கட்டு வீங்கியிருந்தது. “அய்யா, போலீஸ்காரங்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் போனதும் மறுபடி அதே கேள்வி. பையன் வாய் திறக்கவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அதற்கும் முன்னால், 1855லேயே, மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. ஆக, நம் சட்டம் போலீஸை நம்பவில்லை. ஆனால் வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். அந்தச் சந்து வழியாகத்தான் முக்கால்வாசி திருட்டு வழக்குகள் உள்ளே வருகின்றன.

பிரான்ஸில் கொலை போன்ற பெரிய வழக்குகளை ஒரு நீதிபதியே விசாரித்துக் கோப்பு தயாரிக்கிறார். அதிகாரி உண்மையைத் தேடுவார் என்ற நம்பிக்கைதான் அங்கே அடிப்படை. இங்கிலாந்தில் அந்த நம்பிக்கை குறைவு. போலீஸ் அதிகாரங்களை வரையறுத்த 1984 சட்டத்துக்குப் பிறகு ஸ்டேஷன் விசாரணையை டேப்பில் பதிவு செய்தார்கள். ஜப்பானில் குற்றம் சாட்டுவதற்கு முன் 23 நாள் வரை காவலில் வைக்கலாம், விசாரணை அறையில் வக்கீல் உட்கார உரிமை இல்லை.

நாம் இங்கிலாந்திடமிருந்து வாங்கியது, அதிகாரியை எதிர்த்துப் பேசத் தெரிந்தவனுக்கான நடைமுறை. பேச வேண்டியவனோ, ஏட்டு நிழல் பட்டாலே லுங்கியை இறக்குகிறவன். இதை மரியாதை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவு கிடைத்தது. அப்புறம் எந்த ரிமாண்டிலும் என் முதல் வேண்டுகோள், போலீஸை வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்பதுதான். சில மாஜிஸ்திரேட்டுகள் உடனே தலையசைப்பார்கள். சிலர், “கேட்டாச்சே வக்கீல் சார், இல்லன்னுட்டானே” என்பார்கள். நான் நகராமல் நிற்பேன்.